கண்ணை விற்றுச் சித்திரம்

'கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கினாற்போல' என்று நம் நாட்டில் ஒரு பழமொழி வழங்கி வருகிறது. சித்திரம் அழகிய பொருள்தான். அதனை விரும்பி வாங்குவதிலும் தவறில்லை. ஆனால், அதற்கு விலையாகக் கண்ணையே கொடுத்துவிட்டால், வாங்கிய சித்திரத்தை எதனைக்கொண்டு பார்ப்பது? பெறும் பொருளின் பயனையே அழித்துவிட்டு அப்பொருளைப் பெறும் பேதைமையை இதனினும் சுருக்கமாகச் சொல்ல இயலாது.

இப்பழமொழியை ஆக்கியோர் இதனை ஓர் உவமையாகவே கருதியிருப்பர். கண்ணை மெய்யாகவே பணயம் வைத்து அழகை வாங்கும் காலம் ஒன்று வரும் என்று அவர்கள் கனவிலும் எண்ணியிருக்கமாட்டார்கள். அக்காலம் இப்போது வந்துவிட்டது. பழுப்பு நிற விழியை நீலமாகவோ பச்சையாகவோ மாற்றிக்கொள்வதற்காக, நோய் ஏதுமில்லாத கண்ணில் அறுவை சிகிச்சை செய்துகொள்ளும் வழக்கம் சில நாடுகளில் தோன்றியுள்ளது. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களோடு கூடிய விளம்பரங்கள் கைப்பேசி வாயிலாக உலகெங்கும் உள்ள இளைஞர்களை எட்டுகின்றன.

இந்தச் சிகிச்சைகள் எவ்வாறு செய்யப்படுகின்றன? அவற்றால் கண்ணுக்கு நேரக்கூடிய தீங்குகள் யாவை? அவை ஏன் நேர்கின்றன? இவற்றை இன்று ஆராய்வோம். 'தீங்கு உண்டு, விலகி நில்லுங்கள்' என்று கூறி நிறுத்திவிடுவது மாணவர்களுக்குப் போதாது. காரணம் விளங்கினால்தான் எச்சரிக்கை அறிவாக மாறும்.

முதலில் கண்ணின் முற்பகுதியை ஒரு சிறிய அறையாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அவ்வறையின் முன்சுவர் கண்ணாடியைப்போல் ஒளி புகக்கூடியது. இதனை மருத்துவர் கார்னியா என்பர். இதன் குறுக்களவு ஏறத்தாழ 12 மில்லிமீட்டர். நடுவில் இதன் கனம் அரை மில்லிமீட்டரை ஒட்டியது. அறையின் பின்சுவராக நிற்பது ஐரிஸ் என்னும் வட்டத்திரை. கருவிழி என்று சொல்லும்போது நம் மனத்தில் தோன்றும் நிற வட்டம் இதுவே. இதன் நடுவிலுள்ள துளையே பாவை. கடும் வெயிலில் இத்துளை 2 மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கும். இருளில் 8 மில்லிமீட்டர் வரை விரியும். ஆகவே ஐரிஸ் வெறும் அலங்காரத் திரையன்று. உட்புகும் ஒளியை அளந்துவிடும் காவலன். கார்னியாவிற்கும் ஐரிசுக்கும் இடையிலுள்ள வெளி, மிக ஆழமான நடுப்பகுதியிலும் 3 மில்லிமீட்டர் அளவினதே. ஓரத்தை நோக்கிச் செல்லச்செல்ல அதுவும் குறைந்து, ஒரு கூர்ங்கோணமாக முடிகிறது.

இவ்வறை வெற்றிடமன்று. ஏறக்குறையக் கால் மில்லிலிட்டர் தெளிந்த நீர் இதில் நிறைந்திருக்கிறது. நாம் அழும்போது வழியும் கண்ணீர் வேறு. இந்த உள்நீர் வேறு. இது ஐரிசுக்குப் பின்னால் ஊறி, பாவையின் வழியாக முன்னறைக்கு வந்து, ஓரத்துக் கோணத்திலுள்ள நுண்ணிய சல்லடை வழியே வடிந்து இரத்தத்தில் கலக்கிறது. லென்சுக்கு இரத்தக் குழாய்கள் இல்லை. கார்னியாவின் தெளிந்த பகுதிக்கும் இல்லை. அவற்றுக்கு ஊட்டம் தருவது பெரும்பாலும் இந்நீரே. ஊறும் அளவும் வடியும் அளவும் ஒத்திருக்கும்வரை கண்ணின் உள்ளழுத்தம் பாதரச அளவில் பெரும்பாலோருக்கு 10 முதல் 21 மில்லிமீட்டருக்குள் நிற்கும். கலிங்கு அடைபட்ட ஏரியில் நீர்மட்டம் உயர்வதுபோல, சல்லடை அடைபட்டால் அழுத்தம் உயரும். உயர்ந்த அழுத்தம் கண்ணின் பின்புறமுள்ள பார்வை நரம்பைத் தாக்கும். அந்நரம்பில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் உள்ளன. அழிந்த இழை மீண்டும் தளிர்ப்பதில்லை. இதனையே கிளாக்கோமா நோய் என்கிறோம். இதன் கொடுமை யாதெனில், பெரும்பாலும் இது வலியின்றி வரும். பார்வையின் ஓரங்களை முதலில் தின்றுவிட்டு, நடுப்பகுதியை இறுதியில் கவரும். ஆகையால், நோயாளி தன் இழப்பை உணர்வதற்குள் பெரும்பகுதி போய்விடுகிறது.

இனி, கார்னியாவின் உட்புறத்தை நோக்குவோம். அங்கே அறுகோண வடிவமுள்ள உயிரணுக்கள் ஒரே அடுக்காக, ஓடு பாவியதுபோல் அமைந்துள்ளன. கார்னியாவிற்குள் கசியும் நீரை இடைவிடாது வெளியேற்றி, அதனைத் தெளிவாக வைத்திருப்பது இவற்றின் வேலை. இளமையில் ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 3000 அணுக்கள் இருக்கும். வயது ஏற ஏற இவை மெல்லக் குறையும். இவற்றுள் ஒன்று அழிந்தால், அவ்விடத்தை நிரப்பப் புதிய அணு பிறப்பதில்லை. அண்டையிலுள்ளவை தம்மை விரித்துக்கொண்டு இடைவெளியை மூடுகின்றன. எண்ணிக்கை 500 அளவுக்குக் கீழே இறங்கினால், மிஞ்சியவற்றால் நீரை இறைத்து மாளாது. கார்னியா நீர்கோத்து, பனிபடிந்த கண்ணாடிபோல் மங்கிவிடும். நமக்குப் பிறவியிலேயே கிடைத்த இந்த அணுக்கள் ஒரு மூலதனம் போன்றவை. செலவு உண்டு, வரவு இல்லை.

விழியின் நிறம் எங்கிருந்து வருகிறது என்பதை அடுத்துப் பார்ப்போம். நம் தோலுக்கும் மயிருக்கும் நிறம் தரும் மெலனின் என்னும் பொருளே ஐரிசுக்கும் நிறம் தருகிறது. ஐரிசின் முன்னடுக்கில் மெலனின் மிகுதியாக இருந்தால் விழி கரும்பழுப்பாகத் தோன்றும். குறைவாக இருந்தால் பச்சையாகவும் நீலமாகவும் தோன்றும். வியப்பு என்னவென்றால், நீலவிழியில் நீலச் சாயம் ஒரு துளியும் இல்லை. முன்னடுக்கில் மெலனின் குறைந்திருப்பதால், அங்குள்ள நுண்ணிழைகளில் ஒளி பட்டுச் சிதறுகிறது. சிதறும் ஒளியில் குறுகிய அலைகளை உடைய நீலம் மிகுந்து நம் கண்ணுக்கு வருகிறது. வானம் நீலமாகத் தோன்றுவதற்கும் இத்தகைய ஒளிச்சிதறலே காரணம். திருச்சிராப்பள்ளியை அடுத்துப் பிறந்த விஞ்ஞானி சி. வி. இராமன் 1921-ஆம் ஆண்டில் ஐரோப்பாவினின்று கப்பலில் திரும்புகையில் கடலின் நீலத்தை ஆராய்ந்தார். அது வானத்தின் பிரதிபலிப்பு மட்டுமன்று, நீரின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதால் எழுவது என்று அவர் எடுத்துக்காட்டியதை நீங்கள் படித்திருப்பீர்கள். கடல்நீரைக் கையில் அள்ளினால் நீலம் இல்லை. நீலவிழியினுள்ளும் நீலம் இல்லை.

ஆகவே, 'உங்கள் பழுப்புக்கு அடியில் ஒரு நீலம் மறைந்திருக்கிறது' என்று சொல்லும் விளம்பரம், உண்மையின் ஒரு பாதியைக் கூறி மறுபாதியை விட்டுவிடுகிறது. அடியில் மறைந்திருப்பது நிறமன்று; நிறமின்மை. மேலிருக்கும் பழுப்போ அழுக்கன்று. வேண்டாத ஒளியை விழுங்கிக்கொள்ளும் திரை. பிறவியிலேயே மெலனின் உண்டாகாதவர்கள் வெளிச்சத்தில் எவ்வளவு கூச்சப்படுகிறார்கள் என்பதைக் கண்டால், அத்திரையின் அருமை விளங்கும்.

விழிக்கு வண்ணமூட்டும் கலை புதிதன்று. நோயாலோ காயத்தாலோ கார்னியாவில் வெண்தழும்பு விழுந்து, பார்வையும் போய், காண்போர் முகம் சுளிக்கும் நிலையில் வருந்துவோர் எக்காலத்திலும் உண்டு. அத்தழும்பை மறைக்க வண்ணமிடும் முறையை இரண்டாம் நூற்றாண்டிலேயே கேலன் என்னும் மருத்துவ அறிஞர் குறித்துவைத்துள்ளார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பாரிசில் பணிபுரிந்த லூயி டி வெக்கர் என்னும் கண் மருத்துவர், கார்னியாவில் மையூட்டிப் பச்சைகுத்தும் முறையை வளர்த்தார். இவையெல்லாம் பார்வையை இழந்த கண்ணுக்கு, இழந்த தோற்றத்தையேனும் மீட்டுத்தரும் முயற்சிகள்.

இவ்வாறே, பிறவியில் ஐரிஸ் இல்லாதவர்களும், விபத்தில் அதனை இழந்தவர்களும் உள்ளனர். ஒளியை அளந்துவிடும் காவலன் இல்லாததால், வெளிச்சமே அவர்களுக்கு வேதனை. அத்தகையோருக்கு உதவும் செயற்கை ஐரிஸ் ஒன்றினை அமெரிக்க உணவு மருந்துத் துறை 2018-ஆம் ஆண்டில் அங்கீகரித்தது. மெல்லிய சிலிக்கோனால் ஆகிய அது, ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியே வண்ணம் தீட்டி ஆக்கப்படுவது. ஊனமுற்ற கண்ணுக்கு அது ஓர் ஊன்றுகோல். ஆனால், நன்றாக நடப்பவன் காலை முறித்துக்கொண்டு ஊன்றுகோல் வாங்குவானா?

அத்தகைய செயலே இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் பானாமா நாட்டில் நிகழத் தொடங்கியது. வண்ணம் தீட்டிய மெல்லிய சிலிக்கோன் வட்டம் ஒன்றை மடித்து, கார்னியாவின் ஓரத்தில் செய்த சிறு கீறல் வழியாக முன்னறைக்குள் நுழைத்து, இயற்கை ஐரிசின் மேல் விரித்துவைப்பது அம்முறை. சில நிமிடங்களில் முடிந்துவிடும் எளிய சிகிச்சை என்று அது போற்றப்பட்டது. தத்தம் நாட்டில் அதற்கு அனுமதி இல்லாமையால், அமெரிக்கர் முதலியோர் வேற்று நாடு சென்று செய்துகொண்டனர். பின்னர், மங்கிய பார்வையோடும் வலியோடும் தங்கள் நாட்டுக் கண் மருத்துவர்களை நாடி வந்தனர். அம்மருத்துவர்கள் தாம் கண்டவற்றை மருத்துவ ஏடுகளில் ஒன்றன்பின் ஒன்றாக வெளியிட்டனர்.

தீங்கு ஏன் நேர்ந்தது என்பதை, நாம் முன்னே வருணித்த சிற்றறையை நினைத்துப் பார்த்தால் நீங்களே ஊகிக்கலாம். 3 மில்லிமீட்டர் ஆழமுள்ள அறைக்குள் ஓர் அந்நியப் பொருளை வைக்கிறோம். கண் ஒரு நாளில் எத்தனையோ ஆயிரம் முறை இமைக்கிறது, அசைகிறது, சில வேளைகளில் நாம் அதனைக் கசக்கவும் செய்கிறோம். அப்போதெல்லாம் அவ்வட்டம் கார்னியாவின் உட்புறத்தில் உரசக்கூடும். பெருகாத அணுக்கள் தேயும். வட்டத்தின் ஓரம் கோணத்தில் பொருந்தி அழுத்துவதால் வடிகாற் சல்லடை சிதையும். அழுத்தம் உயர்ந்து கிளாக்கோமா தோன்றும். பின்புறம் ஐரிசை அராவுவதால் அழற்சி உண்டாகும். ஐரிசே நைந்து உருவிழக்கும். தெளிவாக இருக்கவேண்டிய லென்சில் இளமையிலேயே புரை விழும். மேலும், வட்டத்தின் நடுத்துளை ஒரே அளவினது. இருளில் இயற்கைப் பாவை விரிந்தாலும் அத்துளை விரிவதில்லை. இரவில் பார்வை குன்றுவதற்கு அது ஒன்றே போதும்.

இப்பாடத்தை மருத்துவ உலகம் ஒரு முறை முன்பே கற்றிருந்தது என்பதுதான் வருந்தத்தக்கது. 1949-ஆம் ஆண்டில் லண்டன் நகரில் ஹெரால்டு ரிட்லி என்னும் மருத்துவர், புரை நீக்கிய கண்ணில் முதன்முதலாகச் செயற்கை லென்சைப் பொருத்தினார். அதனைத் தொடர்ந்து 1950-களில் வேறு சிலர், லென்சை ஐரிசுக்கு முன்னால் உள்ள அறையில் வைப்பது எளிது என்று கருதி அவ்வாறு செய்தனர். தொடக்கத்தில் பார்வை நன்றாகவே இருந்தது. நாள் செல்லச்செல்லப் பலருடைய கார்னியா மங்கத் தொடங்கியது. வைத்த லென்சுகளுள் பலவற்றை மீண்டும் வெளியே எடுக்க நேர்ந்தது. அவர்களாவது பார்வையிழந்தவர்க்குப் பார்வை தர முயன்று தவறினர்; தவற்றிலிருந்து கற்றுத் திருந்தினர். அவர்கள் கற்ற பாடத்தை அரை நூற்றாண்டு கழித்து, அழகின் பொருட்டு மறந்தது எவ்வாறு தகும்?

'தீங்கு நேர்ந்தால் வட்டத்தை எடுத்துவிடலாமே' என்று ஒருவர் கேட்கலாம். எடுக்கலாம், பலருக்கு எடுக்கவேண்டியும் வந்தது. ஆனால், எடுப்பதும் ஓர் அறுவை சிகிச்சை. அதுவும் சில அணுக்களைக் கொண்டுபோகும். தேய்ந்த அணுக்களும், சிதைந்த சல்லடையும், அழிந்த நரம்பிழைகளும் வட்டத்தை எடுத்ததனால் திரும்பி வருவதில்லை. கார்னியா முற்றும் மங்கினால் மாற்றுக் கார்னியா பொருத்தலாம். 1905-ஆம் ஆண்டில் எட்வர்டு சிர்ம் என்பவர் அதனை முதன்முதலில் மனிதரிடம் வெற்றியுடன் செய்து காட்டியது முதல், எண்ணற்றோர் அதனால் பார்வை பெற்றுள்ளனர். எனினும், பொருத்திய கார்னியாவை உடல் ஏற்காமல் தள்ளிவிடுவதும் உண்டு. மாண்டோர் ஈந்த கார்னியாக்களுக்காகக் காத்திருப்போரின் வரிசை நீண்டது என்பதையும் மறத்தலாகாது. பார்வை நரம்புக்கோ மாற்றும் இல்லை.

இரண்டாவது முறை, லேசர் ஒளியைக்கொண்டு ஐரிசின் முன்னடுக்கிலுள்ள மெலனினைச் சிதைப்பது. கத்தி இல்லை, கீறல் இல்லை என்பதால் இது தீங்கற்றது என்று தோன்றும். ஆனால், சிதைந்த மெலனின் எங்கே போகும்? கண்ணிலிருந்து அது ஆவியாகி மறைவதில்லை. துகள்களாகி உள்நீரில் மிதக்கும். நீர் செல்லும் வழியே சென்று, வடிகாற் சல்லடையில் படியும். ஐரிசின் நிறத்துகள் தானாகவே உதிர்ந்து சல்லடையை அடைப்பதால் வரும் ஒருவகைக் கிளாக்கோமாவைச் சுகர், பார்பர் என்னும் இரு மருத்துவர்கள் 1949-ஆம் ஆண்டிலேயே விவரித்துள்ளனர். இயற்கையில் சிலருக்கு நோயாக வருவதனை, இங்கே நாமே வரவழைத்துக்கொள்ளும் அபாயம் உள்ளது. ஐரிசில் அழற்சி மூளும் ஆபத்தும் இதனோடு சேர்ந்தது. நீக்கிய மெலனினை மீண்டும் நிரப்ப வழியில்லை என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

மூன்றாவது முறை, பழைய பச்சைகுத்தும் முறையின் புதிய வடிவம். மிக நுண்ணிய லேசர் கருவியால் கார்னியாவின் கனத்துக்குள் வளையம்போன்ற ஒரு சுரங்கம் அமைத்து, அதனுள் வண்ணத்தைச் செலுத்துவர். வண்ணம் ஐரிசை மறைத்து நிற்பதால், காண்போருக்கு விழியின் நிறம் மாறியதுபோல் தோன்றும். இம்முறையைக் கையாளும் மருத்துவர் சிலர் வெளியிட்ட ஆய்வுகளில் கடுமையான தீங்குகள் குறைவாகவே காணப்பட்டன என்பதையும், செய்துகொண்டோரில் பலர் மனநிறைவு அடைந்தனர் என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. உள்ளறைக்குள் பொருளை வைக்கும் முறையினும் இதில் அபாயம் குறைவே. ஆயினும், குறைவு என்பது இல்லை என்பதாகாது. வெளிச்சத்தைக் கண்டால் கூச்சம், வண்ணத்தை உடல் ஏற்காமை, கிருமித் தொற்று, வண்ணம் கசிதல், மங்குதல், ஒரே சீராகப் பரவாமை ஆகியன நேரலாம். கார்னியா கலங்கி வடிவு திரிந்தால் பார்வையே குன்றும். வேறொரு தொல்லையும் உண்டு. ஒளிபுகாத அந்த வண்ண வளையம், பிற்காலத்தில் மருத்துவர் விழித்திரையின் ஓரங்களைச் சோதிப்பதற்குத் தடையாகக்கூடும். இருபது வயதில் போட்ட திரையை அறுபது வயதில் வரும் நோய்க்காக விலக்க முடியாது.

இவற்றையெல்லாம் ஆராய்ந்தே, அமெரிக்கக் கண் மருத்துவர் கழகம் 2024-ஆம் ஆண்டு ஜனவரியில் பொதுமக்களுக்கு ஓர் எச்சரிக்கை விடுத்தது. அழகுக்காகச் செயற்கை ஐரிஸ் வைப்பதும், கார்னியாவில் வண்ணம் ஏற்றுவதும் பார்வை இழப்புவரை கொண்டுபோகக் கூடிய அபாயங்கள் உடையவை என்று அக்கழகம் கூறியது. கண் மருத்துவத்தையே தொழிலாகக் கொண்டவர்கள், தமக்கு வருவாய் தரக்கூடிய ஒரு சிகிச்சையை வேண்டாம் என்று சொல்லும்போது, நாம் செவிசாய்ப்பது அறிவுடைமை.

இங்கே ஓர் ஐயம் எழலாம். 'புரை நீக்கும் சிகிச்சையிலும் அபாயம் உண்டே. அதனை மட்டும் ஏன் செய்துகொள்கிறோம்?' என்பதே அது. நல்ல கேள்வி. எந்தச் சிகிச்சையையும் தனியே நிறுத்தி நல்லது, தீயது என்று சொல்ல முடியாது. தராசில் வைத்துத்தான் சொல்லவேண்டும். ஒரு தட்டில் அபாயம், மறுதட்டில் பயன். புரையால் பார்வை மங்கியவருக்கு மறுதட்டில் பார்வையே இருக்கிறது. கிளாக்கோமாவுக்கு அமெரிக்காவில் 1996-ஆம் ஆண்டில் அனுமதி பெற்ற லாட்டனோபிராஸ்ட் என்னும் சொட்டு மருந்து, சிலருடைய விழியின் நிறத்தையே கருமையாக்கிவிடுகிறது, அம்மாற்றம் நிலையானது. எனினும், மருத்துவர் அதனை முன்கூட்டியே சொல்லி, நோயாளியும் உடன்படுகிறார். ஏன்? பார்வையைக் காக்க நிறத்தை இழக்கலாம். நிறத்தைப் பெறப் பார்வையை இழக்கலாமா? நோயற்ற கண்ணைத் தராசில் வைக்கும்போது, பார்வையைப் பொறுத்தவரையில் பெறுவது ஒன்றுமில்லை, இழக்கக்கூடியதோ அனைத்தும்.

விளம்பரப் படங்களை நம்பி மயங்குவோர் இன்னொன்றையும் எண்ணிப்பார்க்க வேண்டும். சிகிச்சைக்கு முன் ஒரு படம். பின் ஒரு படம். பின் என்றால் எவ்வளவு காலம் பின்? ஒரு வாரமா, ஒரு மாதமா? கார்னியாவின் அணுக்கள் தேய்வதும், பார்வை நரம்பு இழைகள் அழிவதும் ஆண்டுக்கணக்கில் நடப்பவை. அவை புகைப்படத்தில் விழுவதில்லை. இருபது வயது இளைஞன் தன் கண்ணை இன்னும் ஐம்பது, அறுபது ஆண்டுகள் பயன்படுத்த வேண்டியிருக்கிறது. அத்தனை ஆண்டுகளுக்குப் பொறுப்பேற்கும் படம் எதுவும் இல்லை.

நாடகத்துக்காகவோ விழாவுக்காகவோ விழியின் நிறத்தை மாற்றிக் காட்டியே தீரவேண்டும் என்பவர்களுக்கு, வண்ணக் காண்டாக்ட் லென்ஸ் உண்டு. வேண்டாதபோது கழற்றிவிடலாம் என்பது அதன் சிறப்பு. ஆனால், அதுவும் விளையாட்டுப் பொருளன்று. கண் மருத்துவரிடம் சோதித்து, கண்ணின் வளைவுக்குப் பொருந்தும் அளவு பெற்றே அதனை அணியவேண்டும். அமெரிக்காவில் 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பார்வைத் திருத்தத்துக்கு அன்றி அலங்காரத்துக்காக அணியும் லென்சும் மருத்துவச் சாதனமாகவே கருதப்படுகிறது; மருத்துவரின் சீட்டின்றி அதனை விற்கலாகாது. தோழியின் லென்சை வாங்கி அணிதல், அணிந்தபடியே உறங்குதல், குழாய்நீரில் கழுவுதல், அணிந்துகொண்டு நீந்துதல் ஆகியவை கூடா. நீரில் வாழும் அகந்தமீபா என்னும் நுண்ணுயிர் லென்சின் வழியே கார்னியாவில் குடியேறினால், ஆற்றுதற்கு அரிய புண்ணை உண்டாக்கும். லென்ஸ் அணிந்தபின் கண் சிவந்தாலும், வலித்தாலும், வெளிச்சத்தில் கூசினாலும், பார்வை மங்கினாலும் உடனே அதனைக் கழற்றிவிட்டு மருத்துவரை அணுகவேண்டும். நிறம் மாற்றும் சிகிச்சையை முன்பே செய்துகொண்டவர்கள், தொல்லை ஒன்றும் தெரியவில்லை என்று இருந்துவிடாமல், காலந்தோறும் கண்ணழுத்தத்தையும் கார்னியாவின் அணுக்களையும் சோதித்துக்கொள்வது இன்றியமையாதது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து பயனில்லை.

இறுதியாக, இந்த ஆசை எங்கிருந்து பிறக்கிறது என்பதையும் சற்றே சிந்திக்கலாம். உலக மக்களில் பெரும்பாலோர் பழுப்பு விழியினர். நீலவிழி பழுப்பைவிடக் கூர்மையாகப் பார்ப்பதில்லை. உள்ளத்தை மிகுதியாக வெளிப்படுத்துவதும் இல்லை. ஏதோ ஒரு நிறமே அழகு என்று பிறர் வகுத்த அளவுகோலை ஏற்று, அதற்கு ஏற்பத் தம்மை வெட்டித் திருத்திக்கொள்ள முற்படுவதே இதன் வேர். அழகை விரும்புவது குற்றமன்று. ஆனால், அழகைக் காண்பதும் கண்ணால், கற்பதும் கண்ணால், தாயின் முகத்தை அடையாளம் கொள்வதும் கண்ணால். பார்க்கப்படுவதற்காக மட்டும் கண் அமையவில்லை, பார்ப்பதற்காகவே அமைந்தது.

3 மில்லிமீட்டர் ஆழமுள்ள அச்சிற்றறையில், கால் மில்லிலிட்டர் நீரும், பெருகாத சில இலட்சம் அணுக்களும் இரவு பகலாக நமக்காக உழைக்கின்றன. அவ்வறையின் கதவை நோய் தட்டினால், தேர்ந்த மருத்துவர் கையில் நம்பிக்கையோடு ஒப்படைப்போம். ஆசை தட்டினால் திறவாதிருப்போம். சித்திரங்கள் ஆயிரம் வாங்கலாம். அவற்றைப் பார்ப்பதற்குக் கண் வேண்டும்.